டீசலைக் குடித்தது யார்?

சாலையோரத் தேநீர்க் கடை முன்னால் ஒரு லாரி வந்து நிற்கிறது. ஓட்டுநர் எஞ்சினை நிறுத்தாமலேயே இறங்கிப் போகிறார். அப்போது அந்த லாரியின் பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். எஞ்சின் நல்ல நிலையில் இருந்தால் கண்ணாடியில் தெரியும் மரம் சற்றே மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான். சில வண்டிகளிலோ அந்த மரம் பேயாட்டம் ஆடும். கதவு தடதடக்கும். சீராக வரவேண்டிய எஞ்சின் ஓசையில், படியிறங்கும்போது ஒரு படியைத் தவற விட்டவனின் காலடிபோல, நொடிக்குப் பலமுறை ஓர் இடறல் கேட்கும்.

வண்டி நகராமல் எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடுவதைப் பட்டறைக்காரர்கள் ஐடிலிங் என்பார்கள். நாம் அதை வெற்றோட்டம் என்று சொல்லிக்கொள்வோம். வெற்றோட்டத்தில் குலுங்குகிற பழைய லாரியைப் பற்றி உரிமையாளரிடம் கேட்டால், பெரும்பாலும் இன்னொரு குறையும் சொல்வார்: ‘மைலேஜ் கொடுக்கவில்லை.’ இந்த இரண்டு குறைகளையும் வைத்துக்கொண்டு, எஞ்சினைப் பிரிக்காமல், ஒரே ஒரு ஸ்பேனரின் துணையோடு நோய் எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியும். அதற்கு வேண்டிய இயற்பியல் ஏறக்குறைய முழுவதும் உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

இருபது ஆண்டுகளாக இயற்பியல் கற்பிக்கும் நான் இதைக் கற்றுக்கொண்டது கல்லூரியில் அன்று, நாமக்கல் பக்கத்துப் பட்டறை ஒன்றில். 2014-ஆம் ஆண்டு அது. என்னிடம் இளநிலை இயற்பியல் படித்த மாணவன் ஒருவன் சில நாட்களாக வகுப்புக்கு வரவில்லை. விசாரித்தபோது, லாரி ஓட்டுநரான அவன் தந்தையின் வேலைக்கே ஆபத்து வந்திருப்பது தெரிந்தது. அவர் ஓட்டியது 1996-இல் செய்த ஆறு சிலிண்டர் டீசல் லாரி. வழக்கமான ஒரு நடை போய்வர 900 கிலோமீட்டர். முன்பெல்லாம் இதற்கு 200 லிட்டர் டீசல் ஆகும். அதாவது லிட்டருக்கு 4.5 கிலோமீட்டர். நான்கு மாதங்களாக அது ஏறி ஏறி 250 லிட்டராகிவிட்டது. லிட்டருக்கு 3.6.

ஐம்பது லிட்டர் எங்கே போயிற்று? லாரித் தொழிலில் இந்தக் கேள்விக்கு எல்லாருக்கும் முதலில் தோன்றும் விடை ஒன்று உண்டு: ஓட்டுநர் வழியில் விற்றுவிட்டார். முதலாளி அப்படி நேராகச் சொல்லவில்லை. “கணக்கு ஒத்து வரலியே” என்று மட்டும் சொன்னார். பதினெட்டு ஆண்டுகள் அவரிடம் வண்டி ஓட்டியவருக்கு அந்தச் சொல்லே போதுமானதாக இருந்தது.

ஐம்பது லிட்டர் என்றால் எவ்வளவு என்று பாருங்கள். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 36 மெகாஜூல் ஆற்றல் வெளிப்படும். 3.6 மெகாஜூல் ஒரு மின் யூனிட் ஆகையால், ஒரு லிட்டர் டீசலில் 10 யூனிட் ஆற்றல் இருக்கிறது. ஐம்பது லிட்டரில் 500 யூனிட். உங்கள் வீட்டு மின் கட்டணக் கணக்கை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இவ்வளவு ஆற்றல் ஒவ்வொரு நடையிலும் காணாமல் போய்க்கொண்டிருந்தது.

எந்தச் சோதனையிலும் முதல் வேலை, குறை உண்மைதானா என்று பார்ப்பது. பழைய வண்டிகளில் கிலோமீட்டர் காட்டும் கருவியே பொய் சொல்லும். ஆகவே கருவியை நம்பாமல், தூரம் தெரிந்த ஒரே பாதையில், டேங்க்கை வாய்வரை நிரப்பிப் புறப்பட்டு, திரும்பி வந்து அதே பம்பில் மறுபடி வாய்வரை நிரப்ப வேண்டும். இரண்டாம் முறை எவ்வளவு பிடித்ததோ அதுதான் செலவு. என் மாணவன் வகுப்பை விட்டுவிட்டு அப்பாவோடு போய் இதைத்தான் செய்திருந்தான். 249 லிட்டர். வழியில் ஒரு சொட்டும் இறங்கவில்லை என்பதற்கு அவனே சாட்சி. ஆனால் மகன் சொல்லும் சாட்சியை யார் ஏற்பார்கள்? “சார், வண்டியே சாட்சி சொல்லோணும்” என்றான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் அவனோடு பட்டறைக்குப் போனேன்.

போகிற வழியில் நாங்கள் ஒரு சிறு கணக்குப் போட்டோம். ஒன்பதாம் வகுப்பில் கணங்கள் படித்திருப்பீர்கள். வெற்றோட்டத்தில் குலுக்கம் தரக்கூடிய காரணங்களை எல்லாம் ஒரு கணமாக எழுதுங்கள். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் கிழிந்திருக்கலாம். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் அமைப்பு மாறியிருக்கலாம். டீசல் குழாயில் காற்றுப் புகுந்திருக்கலாம். டீசலைத் தூவும் நாசில் கெட்டிருக்கலாம். வால்வு சரியாக மூடாமல் போகலாம். பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கலாம். மைலேஜைக் குறைக்கும் காரணங்களை இன்னொரு கணமாக எழுதுங்கள். டயரில் காற்றுக் குறைவு, பிரேக் பிடித்துக்கொண்டிருத்தல், கிளட்ச் வழுக்குதல், காற்று வடிகட்டி அடைத்தல், பிறகு அதே நாசில், அதே வால்வு, அதே வளையம். குறைகள் இரண்டும் சேர்ந்து ஒரே காலத்தில் வந்திருப்பதால், முதலில் தேட வேண்டியது இரண்டு கணங்களின் வெட்டில்.

காற்று வடிகட்டி ஏன் முதல் கணத்தில் இல்லை என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. ஒரு லிட்டர் டீசல் முழுதாக எரியச் சுமார் 12 கிலோகிராம் காற்று வேண்டும்; கன அளவில் ஏறத்தாழ 10 கன மீட்டர். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள அறையில் இருக்கும் காற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! சுமையோடு மேடு ஏறும்போது இந்தக் காற்றுப் போதவில்லை என்றால் டீசலில் உள்ள கார்பன் எரியாமல் கரும்புகையாக வெளியேறும். ஆனால் வெற்றோட்டத்தில் டீசல் எஞ்சின் இழுக்கும் காற்று, அது எரிக்கும் துளி டீசலுக்குப் பல மடங்கு மிகுதி. அடைத்த வடிகட்டி வழியாக வருவதே தாராளமாகப் போதும். எனவே வடிகட்டி குலுக்கத்தைத் தராது. மைலேஜை மட்டும்தான் தின்னும்.

இனி எஞ்சினுக்குள் போவோம். டீசல் எஞ்சினில் தீப்பொறி கொடுக்கும் பிளக் கிடையாது. ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ஃப் டீசல் 1893-இல் காப்புரிமை பெற்று, 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய எஞ்சினின் அடிப்படை இதுதான்: காற்றை வெறுமனே அழுத்தியே சூடாக்குவது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுகிறதல்லவா? அதே விளைவு. நம் லாரி எஞ்சினில் காற்று தன் கன அளவில் பதினேழில் ஒரு பங்காக அழுத்தப்படுகிறது என்று கொள்வோம். வெப்பம் வெளியே போகாமல் இந்த அமுக்கம் நடந்தால், 300 கெல்வின் வெப்பநிலையில் உள்ளே போன காற்று, 300-ஐ 17-இன் 0.4 அடுக்கால் பெருக்கக் கிடைக்கும் 930 கெல்வினுக்கு ஏறும். சுமார் 650 டிகிரி செல்சியஸ்! டீசல் தானே தீப்பற்ற இதில் பாதிகூடத் தேவையில்லை. அந்தக் கணத்தில் நாசில் வழியாக டீசல் தூவப்படுகிறது; எரிகிறது; பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது.

இது ஏட்டுக் கணக்கு. உண்மையில் அழுத்தும்போதே கொஞ்சம் வெப்பம் சிலிண்டர் சுவர் வழியே ஓடுகிறது. கொஞ்சம் காற்றும் வளைய இடுக்கில் கசிகிறது. எவ்வளவு ஓடும், எவ்வளவு கசியும் என்பது கிடைக்கும் நேரத்தைப் பொறுத்தது. நிமிடத்துக்கு 600 சுற்று வேகத்தில் வெற்றோட்டம் ஓடும்போது பிஸ்டன் ஒருமுறை மேலேறி அழுத்த நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் ஆகிறது. 1,800 சுற்று வேகத்தில் அந்த நேரம் மூன்றில் ஒன்றாகிவிடும். ஆக, ஓட்டை உடைசல் உள்ள எஞ்சின் வேகமாக ஓடும்போது ஒருவாறு சமாளித்துவிடும். மெதுவாக ஓடும்போதுதான் குட்டு வெளிப்படும்.

வெற்றோட்டம் குறையைக் காட்டிக்கொடுக்க இன்னும் காரணம் உண்டு. எஞ்சினின் பின்முனையில் ஃப்ளைவீல் என்னும் கனத்த இரும்புச் சக்கரம் இருக்கிறது. ஒரு சிலிண்டர் எரிவதற்கும் அடுத்தது எரிவதற்கும் இடைப்பட்ட நேரத்தில் எஞ்சினைத் தள்ளிக்கொண்டு போவது அதில் சேமித்த ஆற்றல்தான். சுழலும் பொருளின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதம். 1,800 சுற்றில் இருக்கும் ஆற்றலில் ஒன்பதில் ஒரு பங்குதான் 600 சுற்றில் இருக்கும். கையிருப்பு குறைந்த குடும்பம் ஒரு நாள் கூலி கிடைக்காவிட்டால் தடுமாறுவதைப்போல, வெற்றோட்டத்தில் ஒரு சிலிண்டர் எரியாவிட்டால் எஞ்சின் தடுமாறுகிறது.

அந்தத் தடுமாற்றத்தின் தாளத்தையும் கணக்கிடலாம். ஆறு சிலிண்டர் எஞ்சினில் பெரும்பாலும் 1, 5, 3, 6, 2, 4 என்ற வரிசையில் எரிதல் நடக்கும். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஒவ்வொரு சிலிண்டரும் எரிகிறது. 600 சுற்று என்பது நொடிக்கு 10 சுற்று. ஆகவே நொடிக்கு 30 எரிதல்கள். எல்லாம் சரியாக இருந்தால் எஞ்சின் நொடிக்கு 30 முறை அதிரும். எஞ்சின் உட்கார்ந்திருக்கும் ரப்பர் துண்டுகள் இவ்வளவு வேகமான அதிர்வைப் பெரிதும் விழுங்கிவிடும். ஆனால் ஒரு சிலிண்டர் மட்டும் எரியாமல் போனால் அந்த இடறல் நொடிக்கு 5 முறை வரும். இந்த மெதுவான ஆட்டம் ரப்பரின் இயல்பு அதிர்வெண்ணுக்குக் கீழே விழுவதால் அதை ரப்பர் தடுப்பதில்லை; சட்டத்துக்கும் கேபினுக்கும் அப்படியே அனுப்பிவிடுகிறது. கண்ணாடியில் மரம் பேயாட்டம் ஆடியது இதனால்தான்.

பட்டறையில் எங்களுக்கு வாய்த்த மெக்கானிக் அறுபது வயதை நெருங்கியவர். வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் கேட்டார். பிறகு, “ஆறு பேத்துல ஒருத்தன் வேலை செய்யாம சம்பளம் வாங்கறானுங்க சார். யாருன்னு பாத்தறலாம்” என்று சொல்லிவிட்டு ஒரு ஸ்பேனரை எடுத்தார்.

இந்த வகைப் பழைய எஞ்சின்களில் ஒரு பம்ப்பிலிருந்து ஆறு எஃகுக் குழாய்கள் ஆறு சிலிண்டர்களுக்குப் போகும். இத்தகைய பம்ப்பைப் பாஷ் நிறுவனம் 1927-இல் தொடர்ந்து உற்பத்தி செய்யத் தொடங்கியது. அதன் பிறகே டீசல் எஞ்சின் லாரிகளுக்குள் பெருமளவில் புகுந்தது எனலாம். குழாய் நாசிலைச் சேரும் இடத்தில் ஒரு நட்டு இருக்கும். அதை அரைச் சுற்றுத் தளர்த்தினால் டீசல் உள்ளே தூவப்படாமல் வெளியே கசிந்துவிடும். அதாவது அந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் விடுப்புக் கொடுத்தாயிற்று.

முதல் சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினார். எஞ்சின் ஓசை உடனே தாழ்ந்து, குலுக்கம் கூடியது. இறுக்கினார், பழைய நிலை வந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. நான்காவதைத் தளர்த்தினார். எதுவுமே நடக்கவில்லை. அதே ஓசை, அதே குலுக்கம். விடுப்புக் கொடுத்ததே எஞ்சினுக்குத் தெரியவில்லை! ஐந்தையும் ஆறையும் பார்த்தபோது மறுபடி ஓசை தாழ்ந்தது. ஆய்வுக்கூடத்தில் நாம் பெரும்பாலும் மாற்றத்தைத் தேடுகிறோம். இங்கே மாற்றம் இல்லாததே விடை. ஆறும் ஒரேமாதிரி தாழ்ந்திருந்தால் குற்றம் பொதுவானது. டீசல் வடிகட்டி, குழாயில் காற்று, தூவும் நேரம் தவறியிருத்தல் என்று வேறு திசையில் போயிருக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதை நீங்கள் செய்து பார்க்கக் கூடாது. குழாயில் வரும் டீசலின் அழுத்தம் நாசிலைத் திறக்கும்போது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 200 கிலோகிராம். ஊசிபோல் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அது சாதாரணக் காயம் அன்று, உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டியது. புது லாரிகளில் மெக்கானிக்குகளும்கூட இப்படித் தளர்த்த மாட்டார்கள். நாடு முழுவதும் 2017-இல் பி.எஸ்.4, 2020-இல் பி.எஸ்.6 விதிகள் வந்தபின், புது வண்டிகளில் டீசல் அழுத்தம் இதைப்போலப் பல மடங்கு. அவற்றில் இதே சோதனையைக் கணினி செய்கிறது: சிலிண்டர் ஒவ்வொன்றின் நாசிலையும் மின்சைகையால் சற்றே நிறுத்தி, வேகம் எவ்வளவு தாழ்கிறது என்று பார்க்கிறது. ஸ்பேனர் போய்விட்டது, தத்துவம் மாறவில்லை.

நான்காவது ஆள்தான் வேலை செய்யாதவன் என்று தெரிந்துவிட்டது. ஆனால் குற்றம் நாசிலிலா, சிலிண்டரிலா? நாசில் என்றால் சில நூறு ரூபாயோடு போகும். வால்வோ வளையமோ என்றால் எஞ்சினையே இறக்க வேண்டும். மெக்கானிக் செய்தது எளிமையான காரியம். நான்காவது நாசிலைக் கழற்றி இரண்டாவதிலும், இரண்டாவதைக் கழற்றி நான்காவதிலும், புதுச் செம்பு வாஷர் வைத்துப் பொருத்தினார். மறுபடி ஆறு நட்டுகளையும் ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். இப்போது நான்காவதைத் தளர்த்தினால் ஓசை தாழ்ந்தது. இரண்டாவதைத் தளர்த்தினால் ஒன்றும் ஆகவில்லை. குற்றம் நாசிலோடு கூடவே போய்விட்டது! சிலிண்டர் நிரபராதி. நான்காம் குழாய்க்கு டீசல் அனுப்பும் பம்ப்பின் பகுதியும் நிரபராதி. என் மாணவனின் முகத்தில் அன்றுதான் முதல் சிரிப்பைப் பார்த்தேன்.

கழற்றிய நாசிலைக் கைப்பம்ப் கொண்ட சோதனைக் கருவியில் மாட்டி அழுத்தினார். நல்ல நாசில் என்றால் மெல்லிய பனிமூட்டம்போலப் பீச்சி, டக்கென்று நிற்கும்; நுனி உலர்ந்திருக்கும். இதிலோ ஒரு துளையிலிருந்து தாரை, மற்றொன்றிலிருந்து ஒன்றுமில்லை, அழுத்தத்தை விட்ட பிறகும் நுனியில் ஒரு சொட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.

இந்தச் சொட்டு செய்யும் கேடு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். வெற்றோட்டத்தில் எஞ்சின் மணிக்கு ஒன்றரை லிட்டர் குடிப்பதாகக் கொள்வோம். நொடிக்கு 30 எரிதல் என்றால் மணிக்கு 1,08,000. வகுத்துப் பாருங்கள்: ஒரு முறை தூவப்படுவது 14 கன மில்லிமீட்டர்தான். அதை ஒரே துளியாக உருட்டினால் 3 மில்லிமீட்டர் விட்டம் இருக்கும். இந்தத் துளியை நல்ல நாசில் 0.03 மில்லிமீட்டர் விட்டமுள்ள துகள்களாக உடைப்பதாக வைத்துக்கொண்டால், பத்து லட்சம் துகள்கள் கிடைக்கும். கன அளவு மாறவில்லை. ஆனால் மொத்தப் பரப்பு நூறு மடங்காகிவிட்டது. டீசல் திரவமாக எரிவதில்லை. பரப்பிலிருந்து ஆவியாகி, காற்றோடு கலந்துதான் எரிகிறது. ஒரு துகள் முற்றிலும் ஆவியாக ஆகும் நேரம் விட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதம். துகள் இரண்டு மடங்கு பெரிதானால் நான்கு மடங்கு நேரம் வேண்டும். எரிதலுக்குக் கிடைப்பதோ நொடியில் நூறில் ஒரு பங்கு அளவு நேரம். அதற்குள் ஆவியாகாத டீசல், எரியாமலோ அரைகுறையாகவோ புகைக்குழாய் வழியே வெளியேறும். காலையில் வண்டியைக் கிளப்பியதும் கண்ணைக் கரிக்கும் வெண்புகை வந்தது என்று ஓட்டுநர் சொன்னது இதைத்தான். (புகை நீலமாக இருந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது என்று பொருள், அது வேறு கதை.)

மெக்கானிக்கைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. என் மாணவன் மட்டும் பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். “சார், நாசில் மாத்துனாலும் கணக்கு நேராகாதுங்களே” என்றான்.

அவன் கணக்கு இது. நான்காவது சிலிண்டருக்குப் போன டீசல் முழுவதும் பாழ் என்றே வைத்துக்கொள்வோம். அதைவிட மோசமாக இருக்க முடியாது. அப்படியானால் ஆறு பங்கு டீசலில் ஐந்து பங்குதான் வேலை செய்கிறது. அதே வேலையை வாங்க ஓட்டுநர் ஆறின் கீழ் ஐந்துக்குப் பதில் முழு ஒன்றைப் பெற, ஐந்தில் ஆறு மடங்கு டீசல் ஊற்ற வேண்டும். 200 லிட்டர் 240 லிட்டராகும். 250 ஆகாது. குறைந்தது 10 லிட்டருக்கு வேறு காரணம் இருக்க வேண்டும். நாசிலை மாற்றிய பிறகும் 200-க்கு இறங்கவில்லை என்றால், மீதிப் பழி யார் தலையில் விழும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. நான் ஆசிரியன், எனக்கு அது தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்தத் தாளை மெக்கானிக்கும் நானும் முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினோம். நாசில் மட்டும் மாற்றியிருக்கிறது, இன்னொரு காரணம் மிச்சம் இருக்கிறது, அது எஞ்சினுக்கு வெளியே இருக்கலாம் என்று அடுத்த நடைக்கு முன்பே சொல்லிவிட்டோம். அவர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “செரி, போயிட்டு வரட்டும்” என்றார். அந்த நடைக்கு 222 லிட்டர் ஆயிற்று. குலுக்கம் போய்விட்டது. 22 லிட்டர் நின்றது.

இப்போது குறை ஒன்றுதான். எனவே இரண்டாம் கணத்தில் தேடலாம். வண்டி வந்து நின்ற கையோடு மெக்கானிக் ஒவ்வொரு சக்கரமாகப் போய், நடுவிலுள்ள ஹப் அருகே புறங்கையைக் கொண்டுபோனார். தொடவில்லை. பின்னால் இடப்பக்கம் வந்ததும் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். பிரேக் காலை எடுத்த பிறகும் அந்தச் சக்கரத்தின் பிரேக் கட்டை உருளையை விட்டு விலகாமல் லேசாக உரசிக்கொண்டே வந்திருக்கிறது.

லேசான உரசல்தானே என்று நினைக்காதீர்கள். 10 லிட்டர் டீசலின் ஆற்றல் 360 மெகாஜூல். எஞ்சின் அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் இயக்கமாக மாற்றும், 120 மெகாஜூல். 900 கிலோமீட்டர் தூரத்தால் இதை வகுத்தால் கிடைக்கும் விசை சுமார் 133 நியூட்டன். பதின்மூன்று, பதினான்கு கிலோ எடையைத் தூக்கும் விசை, அவ்வளவே! ஒரு பள்ளிச் சிறுவன் லாரியைப் பின்னாலிருந்து கயிறு கட்டி இழுத்துப் பிடித்தால் இருக்கும் தடை. பதினாறு டன் வண்டியை ஓட்டுபவருக்கு அது எப்படித் தெரியும்? ஆனால் மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் இந்த உரசல் ஏறக்குறைய 1.7 கிலோவாட் வெப்பத்தைத் தருகிறது. ஒன்றரை இஸ்திரிப்பெட்டிக்கு மேல் அந்த ஒரு சக்கரத்துக்குள் நாள் முழுக்கக் காய்ந்துகொண்டிருக்கிறது. ஓட்டுநரின் கால் உணராததை மெக்கானிக்கின் புறங்கை உணர்ந்துவிட்டது.

காற்று வடிகட்டியையும் திறந்து பார்த்தார்கள். எண்ணெய்த் தொட்டியில் தூசியைப் படியவைக்கும் பழைய வகை அது. எண்ணெய் குழம்பாகி, களிமண்ணாகி இருந்தது. கழுவிப் புது எண்ணெய் ஊற்றினார்கள். பிரேக்கைச் சரிசெய்தார்கள். டயர்களுக்குக் காற்றுப் பார்த்தார்கள். அடுத்த நடையில் 204 லிட்டர் பிடித்தது.

இன்னும் 4 லிட்டர் உதைக்கிறதே என்று என் மாணவன் அதற்கும் கணக்குப் போட்டான். ஒரு டிகிரி வெப்பநிலை ஏறினால் டீசல் தன் கன அளவில் பத்தாயிரத்தில் எட்டுப் பங்கு விரிகிறது. விடியற்காலைக் குளிரில் ஒரு முறையும் நடுப்பகலில் ஒரு முறையும் நிரப்பினால், பத்து டிகிரி வித்தியாசத்தில் 200 லிட்டருக்கு ஒன்றரை லிட்டர் அதிலேயே போய்விடும். எதிர்க்காற்று, சுமை வேறுபாடு எல்லாம் அதற்கு மேல்.

அந்தக் கணக்கை முதலாளி கேட்கவே இல்லை. சிட்டையில் 204 என்று தன் கையால் எழுதிக்கொண்டு, அடுத்த நடைக்கான படிக்காசை எண்ணிக் கொடுத்தார்.